உள்ளே போகிற மாடு

போடிநாயக்கனூரில் சூர்யகலாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் எழுதிய யானையைப் பார்க்காத பிள்ளை இருக்காது. பாலவாடிச் சுவர், நர்சரிப் பள்ளிக்கூடத்துக் கேட்டு, பல் டாக்டர் வீட்டு மாடிப்படி, எங்கே பார்த்தாலும் அவள் கைதான். யானை ஒற்றைக் கண்ணைச் சிமிட்டும். முயலுக்குக் கழுத்தில் டை இருக்கும். சிங்கம் புத்தகப்பையை மாட்டிக்கொண்டு போகும். மாடு என்றால் நீளநீளமாகக் கண் இமை, கொம்பில் ரிப்பன், வாய் நிறையப் பல். எல்லாமே சிரிக்கும். அழுதுகொண்டு வருகிற பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விடும் என்று டீச்சர்கள் சொல்வார்கள்.

அவற்றை எழுதியவள் ஓரிடத்தில் நிலையாக நின்று நான் பார்த்ததில்லை. சந்நிதியில் கண்ணை மூடிக் கும்பிடும்போதுகூட அவளுடைய வலதுகை விரல் காற்றில் எதையாவது கோடு இழுத்துக்கொண்டிருக்கும். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த காலத்திலேயே அப்படித்தான். மற்றப் பெண்கள் காயைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருப்பார்கள். இவள் சாக்குக்கட்டியால் சிமெண்டுத் தரையில் பூனை போட்டுக்கொண்டிருப்பாள். கணக்குப்பிள்ளை சத்தம் போட்டால் பூனை மேலேயே உட்கார்ந்து மறைத்துக்கொள்வாள். சேலையெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தப் பூனையைப் பார்த்த ஒரு பாலவாடி டீச்சர்தான் முதலில் சுவருக்கு அழைத்தார்.

அவள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. பெரிய காக்கித்தாளில் முதலில் படத்தைப் போடுவாள். கோட்டின் மேலேயே ஊசியால் பொடிப்பொடியாகத் துளை குத்திக்கொண்டு போவாள். தாளைச் சுவரில் ஒட்டி, கரித்தூள் கட்டிய துணிப் பொட்டலத்தால் தட்டினால் துளை வழியாகப் படம் சுவரில் இறங்கிவிடும். கேட்டுக்கு இரண்டு பக்கமும் யானை வேண்டும் என்றாலும் ஒரே தாள்தான். இந்தப் பக்கம் தட்டிவிட்டு, தாளைத் திருப்பி ஒட்டி அந்தப் பக்கம் தட்டுவாள். இரண்டு யானையும் வாசலைப் பார்த்து நிற்கும்.

அப்படித்தான் நிற்கவும் வேண்டும். எங்கள் பக்கத்தில் சுவரில் மிருகம் எழுதினால் அது வாசலைப் பார்த்து, உள்ளே வருகிற மாதிரி இருக்க வேண்டும். வெளியே போகிற மாதிரி எழுதினால் யாரும் சம்மதிக்க மாட்டார்கள். மாடு என்றால் சொல்லவே வேண்டாம். அது லட்சுமி. லட்சுமியை வெளியே அனுப்பச் சுவருக்கு யார் வெள்ளையடிப்பார்கள்?

மாட்டு டாக்டர் முத்துப்பிரியா அவளைத் தேடி வந்தது ஆனி மாதத்தில். சின்ன வயசு டாக்டர். குரங்கணிக்கு மேலே, ஜீப்பு மட்டும் ஏறுகிற பாதையில் மேக்குடி என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஏலத்தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் வேலை செய்கிறவர்கள். வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பார்கள். அங்கே பால் சங்கத்துக் கொட்டகை இருக்கிறது. அந்தப் பாலைக் கேனில் ஏற்றிக் கீழே கொண்டுவருவது என் ஜீப்புதான்.

முந்தின வருடம் சாரல் காலத்தில் பாதையில் மண் சரிந்து கிடந்தபோது, பேச்சி என்பவளுடைய பசு பலாச்சுளையும் தோலுமாகத் தின்றுவிட்டு வயிறு உப்பி, டாக்டர் போய்ச் சேருவதற்குள் செத்துப்போனது. வேறொரு வீட்டிலும் அப்படியே ஆனது. அது டாக்டரம்மாவை மிகவும் உறுத்தியிருக்கிறது.

"அக்கா, அந்தக் கொட்டகைச் சுவத்துல ஒரு மாடு வரையணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியிற மாடு. வயிறு உப்பிக் காத்து அடைச்சு, மாடு சாகப்போகுது, என்னால மேல வர முடியலேன்னு வைங்க. எந்த எடத்துல ஊசிக்குழாய் குத்திக் காத்த வெளியேத்தணும்னு படத்துல தெரியணும். எழுத்து ஏதும் இப்ப வேணாம். நான் முகாமுக்கு வர்றப்போ சொல்லிக் குடுத்து, அப்புறம் எழுதிக்கலாம்."

சூர்யகலா உடனே ஒரு தாளில் மாடு போட்டுக் காட்டினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"அக்கா, மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே கெடையாது."

சூர்யகலாவுக்கு முகம் செத்துப்போயிற்று. எத்தனை வருடமாக எத்தனை மாட்டுக்குப் பல் வைத்திருப்பாள்! அன்றைக்கே பக்கத்துத் தெருக் கருத்தம்மாள் வீட்டுத் தொழுவத்துக்குப் போய்ப் பசுவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தாள். நான் சுவாமி அபிஷேகத்துக்கு அங்கேதான் பால் வாங்குவது வழக்கம்.

கருத்தம்மாள் பால்செம்போடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னடி, என் மாட்டுக்குப் பல்லு புடிச்சுப் பாக்குற? சம்பந்தம் பேச வந்தியா?"

"இல்லத்தை. நெசமாவே பல்லு இல்லத்தை!"

"இத்தன வருசமா அது என்னத்த வச்சுத் தின்னுதுன்னு நெனச்ச? அதான பாத்தேன், நீ பாலவாடியில போட்ட மாடு எங்க சின்ன நாத்துனா மாதிரில்ல இளிச்சுக்கிட்டு நிக்குது."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாடு கண்ட இடத்தில் நின்றுவிடுவாள். சந்தைக்குப் போனால் காய்கறி வாங்காமல் மாட்டின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இத்தனை காலம் அவள் போட்ட கால்கள் உலக்கை மாதிரி நேராக இறங்கும். நிஜ மாட்டின் கால் எங்கெங்கோ மடங்கியது. மாட்டாஸ்பத்திரிக்கே போய்க் கேட்டாள்.

"பின்னங்கால் முட்டி ஏன் டாக்டரம்மா பின்னால வளையுது?"

"அது முட்டி இல்லக்கா. நம்ம குதிகால் மாதிரி அது. முட்டி மேல, வயித்தோட ஒட்டி இருக்கு பாருங்க." டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினார். பிறகு மாட்டின் இடது பக்கம் கூட்டிப்போய், கடைசி விலாவுக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் குழிந்திருந்த இடத்தில் அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். "இதுக்குக் கீழதான் பெரிய வயிறு. கொஞ்சம் பொறுங்க... புரளுதா?"

"ஆத்தாடி! உள்ள யாரோ மாவாட்டுறாகளே!"

அதற்குப் பிறகு அவள் பிள்ளைகளுக்கு எழுதுகிற முயலையும் யானையையும் தொடவில்லை. வந்த வேலையைத் தள்ளிவிட்டாள். வீட்டில் சோறு ஆக்கும்போது அடுப்புக்கரியால் தரையில் விலா எலும்பு போட்டாள். மிதித்து வீடெல்லாம் கரியாக்கியதற்கு அவள் வீட்டுக்காரர் சத்தம் போட்டார். அழித்து அழித்துப் போட்டு, கடைசியில் காக்கித்தாளில் ஒரு மாடு வந்தது. எனக்குப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ரிப்பன் இல்லை, சிரிப்பு இல்லை. தலை நமக்கு இடது கைப் பக்கம், வால் வலது கைப் பக்கம். அப்படி நின்றால்தான் மாட்டின் இடது விலா நமக்குத் தெரியும். விலாவுக்குள் பெரிய வயிறு மூட்டை மாதிரி கிடந்தது. குத்த வேண்டிய குழியில் சிவப்பாக ஒரு வட்டம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதேதான்க்கா. ஒண்ணும் மாத்த வேணாம்" என்றார்.

தாளைச் சுருட்டிக்கொண்டு, பெயிண்டு டப்பாக்களோடு என் ஜீப்பில் மேக்குடிக்கு ஏறினாள்.

பால் கொட்டகையின் முன்சுவர் நீளமானது. வாசல் அதன் வலது கோடியில் இருக்கிறது. வாசலுக்கு அந்தப் பக்கம் சுவர் இல்லை, பாறைதான். சூர்யகலா தாளை ஒட்டித் தட்டத் தொடங்கும்போது சங்கத் தலைவர் பெரியகருப்பன் வந்து பின்னால் நின்றார்.

"ஏத்தா, மாடு எங்கிட்டுப் போகுது?"

அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மாட்டின் தலை இடது பக்கம். வாசல் வலது பக்கம். சங்கத்தை விட்டுப் புறப்பட்டுப் போகிற மாதிரி இருந்தது.

"போன வருசம் போனது பத்தாதா? திருப்பிப் போடு தாயி. உள்ள வரட்டும்."

"ஆமா மாமா. நானும் கவனிக்கல" என்றாள். தாளை உரித்தாள், திருப்பினாள், ஒட்டினாள், தட்டினாள். கேட்டுக்குக் கேட்டு எத்தனையோ தடவை செய்த வேலை. கை தானாகச் செய்துவிட்டது. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மாடு வாசலைப் பார்த்து நின்றது. பெண்கள் பால் ஊற்ற வரும்போது அதன் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். பெரியகருப்பன் தேங்காய் உடைத்தார். சிவப்பு வட்டம் எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம், உப்பினால் குத்த வேண்டிய இடம் என்று சூர்யகலா சொன்னாள். பேச்சி சுவரின் பக்கத்திலேயே நெடுநேரம் நின்று சிவப்பு வட்டத்தைத் தடவிப் பார்த்தாள். செத்துப்போன பசுவின் கன்று இப்போது கிடேரியாக வளர்ந்திருந்தது. அதுதான் இப்போது அவளுக்கு எல்லாம்.

கீழே இறங்கும்போது சூர்யகலா ஜீப்பில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நல்லாருக்காண்ணே?"

"சாமி மாடு மாதிரி இருக்குத்தா."

"காலு?"

"நல்லாருக்கு."

"ஏதோ இடிக்குதுண்ணே. என்னன்னு தெரியல."

மறுநாளும் ஜீப்பு ஸ்டாண்டுக்கு வந்து அதையே கேட்டாள். அடுத்த நாளும் வந்தாள். வால் நீளமோ, கொம்பு சரிவோ, கண் பெரிசோ என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். நான் எல்லாவற்றுக்கும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அவளை அது தேற்றவில்லை. நல்லாருக்கு என்று சொல்லச் சொல்ல இன்னும் அதிகமாகத் தவித்தாள். இதற்குள் மேலே சாரல் பிடித்துக்கொண்டது. குரங்கணிக்கு மேல் பாதை மண்ணில் அடைபட்டது. மேக்குடிக்காரர்கள் பாலைத் தலைச்சுமையாகக் குரங்கணிக்கு இறக்கினார்கள். நான் அங்கேயே ஏற்றிக்கொண்டு திரும்பிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் நான் அபிஷேகப் பாலுக்காகக் கருத்தம்மாள் தொழுவத்தில் காத்திருந்தேன். சூர்யகலா வந்தாள். நேராகப் பசுவின் பக்கத்தில் போய்க் குழியில் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டா வைத்தியச்சி" என்றாள் கருத்தம்மாள். "பால் பீச்ச விடு, மாடு மெரளும்."

"புரளலையே அத்தை. ஒண்ணுமே புரளலையே."

"நல்லாத்தான தின்னுது?"

சூர்யகலா மாட்டைச் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போனாள். கையை வைத்தாள். அப்படியே நின்றாள்.

"அண்ணே, இங்கிட்டுத்தான் புரளுது. மொதல்ல வச்சது வலது பக்கம். அண்ணே, நான் தாளத் திருப்பிட்டேன்!"

எனக்கு விளங்கவில்லை. "திருப்பினா என்ன? தலைவர்தான திருப்பச் சொன்னாரு."

"தலை வாசலப் பாக்கணும்னு திருப்பினேன். மாடு வலது விலாவக் காட்டிக்கிட்டு நிக்குது. வயிறும் வட்டமும் அதோட சேந்து வலது பக்கம் வந்துருச்சு. அந்தப் பக்கம் வயிறு இல்லண்ணே, குடலு. அங்க குத்துனா..."

பொம்மை யானையை எத்தனை தடவை திருப்பினாலும் அது அதே யானைதான். அதற்குள் ஒன்றும் இல்லை. இந்த மாட்டுக்குள் குடல் இருந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவர் தேவாரம் பக்கம் முகாமில் இருந்தார். "உடனே போய் அழிச்சிருங்கக்கா. அங்க போன் எடுக்காது, யாருக்கும் சொல்லவும் முடியாது. பாதை திறந்ததும் நான் வர்றேன்" என்றார். சுப்பிரமணிய சாமிக்கு வாங்கிய பாலைக் கருத்தம்மாள் கையிலேயே கொடுத்து, கோயிலில் சேர்த்துவிடச் சொன்னேன். வெள்ளைப் பெயிண்டு டப்பாவும் பிரஷும் தூக்கிக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"வெரசா போங்கண்ணே."

வெரசாகத்தான் போனேன். அவள் கால் என்னுடைய பிரேக்குக்குப் பக்கத்தில் தரையைத் தட்டிக்கொண்டே வந்தது. குரங்கணியில் ஜீப்பை நிறுத்திவிட்டு நடந்தோம். சாரலில் பாதை வழுக்கியது. சரிந்த மண்ணைத் தாண்டி, ஏலக்காட்டு ஓரம் ஏறியபோது முதல் மாடு எதிரே வந்தது. மேய்ந்துகொண்டே திரும்பியது. அதன் வலது விலாவுக்குப் பின்னால், குழியில், சுண்ணாம்பால் வைத்த வெள்ளைப் புள்ளி.

சூர்யகலா பெயிண்டு டப்பாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அடுத்த மாட்டிலும் புள்ளி இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது. அவசரத்தில் இடம் தேடக் கூடாது என்று மேக்குடிக்காரர்கள் சுவரைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு புள்ளி வைத்து, மழையில் கரையக் கரைய மறுபடியும் வைத்திருந்தார்கள். படத்தில் இருந்த அதே இடம். ஒரு விரல்கடைகூடத் தள்ளவில்லை. அத்தனை கவனமாக வைத்திருந்தார்கள்.

அவள் ஓடினாள். முந்தானையால் முதல் மாட்டின் புள்ளியைத் துடைத்தாள். அது எட்டி உதைத்தது. "விடு தாயி, முதல்ல சுவத்துக்குப் போவோம்" என்று நான்தான் டப்பாவைத் தூக்கி, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

பால் ஊற்றுகிற நேரம். கொட்டகை வாசலில் பெண்கள் செம்புகளோடு நின்றார்கள். பேச்சி தன் கிடேரியையும் கையோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தனியாக விட அவளுக்கு மனசு வராது. அதன் மேலும் புள்ளி இருந்தது.

"படம் தப்பு!" என்றாள் சூர்யகலா. மூச்சு வாங்கியது. "எல்லாரும் கேளுங்க. நான் போட்ட படம் தப்பு. அழிக்க வந்துருக்கேன்."

பெரியகருப்பன் உள்ளேயிருந்து வந்தார். "என்னத்தா தப்பு? அம்புட்டு அழகா இருக்கு."

"பக்கம் மாறிருச்சு மாமா. வட்டம் இடது பக்கம் இருக்கணும். நீங்க புள்ளி வச்சிருக்கிற எடத்துல குத்துனா மாடு செத்துரும்."

ஒரு செம்பு கீழே விழுந்தது. பேச்சி கிடேரியின் புள்ளியையே பார்த்தாள். பிறகு எச்சில் தொட்டு அதைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"இரு பேச்சி" என்றார் பெரியகருப்பன். "படம் டாக்டரம்மா குடுத்தது. இவ சுவத்துல எழுதுறவ. நாளைக்கு வந்து மறுபடியும் மாத்துவா. டாக்டரம்மா வந்து சொல்லட்டும்."

"அவுகதான் அழிக்கச் சொன்னாக மாமா. போன்ல பேசினேன்."

"எங்க, இப்ப பேசு பாப்போம்."

அங்கே எந்தப் போனிலும் சிக்னல் கோடு வராது என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் சிரித்தார்கள். அவள் டப்பாவைத் திறந்து பிரஷை முக்கினாள். உடனே இரண்டு பெண்கள் சுவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

"குங்குமம் வச்ச மாட்டு மேல வெள்ளையடிக்கப் போறியா? உனக்கு மனசு எப்படி வருது?"

"அப்ப பக்கத்துல நேரா எழுதிக் காட்டுறேன். அதப் பாத்தப்புறம் இத அழிக்கலாம்."

"நேரான்னா?" என்றார் பெரியகருப்பன். "தலை அங்கிட்டுப் போயிருமே. வெளிய போற மாடு இந்தச் சுவத்துக்கு வேணாம். அது மட்டும் ஆகாது தாயி."

அவர் பிடிவாதக்காரர் இல்லை. இரண்டு மாடு செத்த குடியிருப்பின் பயம் அது. எனக்கும் அந்தப் பயம் புரிந்தது. மாட்டின் இடது பக்கம் தெரிய வேண்டும் என்றால் அது வெளியே போக வேண்டும். உள்ளே வர வேண்டும் என்றால் வலது பக்கம்தான் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று சாமிதான் சொல்ல வேண்டும் என்று நான் மனதில் முருகனை நினைத்துக்கொண்டேன்.

சூர்யகலா சுவருக்கும் பாறைக்கும் நடுவே நடந்தாள். திரும்பி நடந்தாள். பிரஷிலிருந்து வெள்ளை சொட்டிக்கொண்டே வந்தது. மழையும் நிற்கவில்லை. பால் ஊற்றியவர்கள்கூட வீட்டுக்குப் போகாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேச்சி கிடேரியைக் கொட்டகைக்குள் ஒதுக்க நினைத்தாள். அதன் பின்னால் போய் நின்று, எல்லோரும் செய்வதுபோல, வால் அடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ஹேய், போ ஆத்தா" என்று தட்டினாள். கிடேரி வாசலைப் பார்த்து நடந்தது.

"நிறுத்துங்க மதினி!"

கிடேரி நின்றது. சூர்யகலா பேச்சிக்குப் பக்கத்தில், அதற்கு நேர் பின்னால் போய் நின்றாள். இரண்டு கையையும் நீட்டி அதன் இரண்டு இடுப்பு எலும்பிலும் வைத்தாள். ஒரு பக்கம் பார்த்தாள். அடுத்த பக்கம் பார்த்தாள். பிறகு ஓடிப்போய் வாசலை ஒட்டி மிச்சமிருந்த சுவரில் கரியால் கோடு இழுக்கத் தொடங்கினாள்.

இந்தத் தடவை தாள் இல்லை, ஊசித்துளை இல்லை. இடுப்பு எலும்பு இரண்டும் கூரை முனைபோல நின்றன. நடுவே முதுகெலும்பு. கீழே வால். தொடைச் சதை, மடங்கிய குதி, பிளந்த குளம்பு. தலையே இல்லை. தலை அந்தப் பக்கம், சுவருக்குள் போய்விட்டது.

"ஏ, என்னத்தடி வரையுற?" யாரோ ஒருத்தி கேட்டாள். "மாட்டுக் குண்டியவா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பெரியகருப்பனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "மூஞ்சி இல்லாத மாடு உண்டாத்தா? பிள்ளைக பாத்துக் கைகொட்டிச் சிரிக்குமே."

"சிரிக்காதீக" என்றாள் பேச்சி. அவள் சிரிக்கவில்லை. "புதுவீடு புகுறப்போ மாட்ட எங்க தொட்டுக் கும்புடுறீக? அங்கதான லட்சுமி இருக்கா. மூஞ்சியிலயா இருக்கா?"

சிரிப்பு அடங்கிவிட்டது.

சூர்யகலா மாட்டின் இடது வயிற்றை மட்டும் பலூன்போலப் புடைக்க வைத்தாள். வலது பக்கத்தை ஒட்டியே விட்டாள். போன தடவை கொட்டகையில் விட்டுப்போயிருந்த சிவப்புப் பெயிண்டால், புடைத்த பக்கத்தில், இடுப்பு எலும்புக்கு முன்னால், வட்டத்தை வைத்தாள். திரும்பி எல்லோரையும் பார்த்துத் தன் இடது கையைத் தூக்கினாள்.

"மாட்டுக்குப் பின்னால நில்லுங்க. உங்க இடது கைப் பக்கந்தான் மாட்டுக்கும் இடது. மாறவே மாறாது. போன வருசம் எந்தப் பக்கம் உப்புச்சு மதினி? நீங்கதான பாத்தீக."

பேச்சி கண்ணை மூடினாள். பிறகு கிடேரியின் பின்னால் போய் நின்று இடது கையைத் தூக்கினாள். "இங்கிட்டு. தொம்மு தொம்முனு பறை மாதிரி இருந்துச்சு. ஆமா, இங்கிட்டுத்தான்."

மாடு செத்த இன்னொரு வீட்டுக்காரரும் "ஆமாப்பா" என்றார். பெரியகருப்பன் புதுப் படத்தைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மாடு கொட்டகைக்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது.

"சரித்தா. ஆனா அந்த மாட்டச் சும்மா அழிக்கக் கூடாது. சூடம் காட்டித்தான் அழிக்கணும்."

என் சட்டைப்பையில் எப்போதும் சூடம் இருக்கும். பழைய மாட்டுக்கு முன்னால் ஏற்றிக் காட்டினேன். பேச்சி அதன் நெற்றிக் குங்குமத்தை விரலால் வழித்துப் புது மாட்டின் வால் அடியில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் சூர்யகலா வெள்ளையடித்தாள். அவ்வளவு பாடுபட்டுப் போட்ட விலாவும் வயிறும் ஒவ்வொன்றாக மறைந்தன. அவள் அழுதாளா, மழையா என்று தெரியவில்லை. பாதியிலேயே பிரஷை என் கையில் திணித்துவிட்டு மாடுகள் மேய்கிற பக்கம் ஓடினாள். பெண்களும் பின்னால் போனார்கள். எல்லாப் புள்ளியும் துடைத்த பிறகுதான் அவள் ஒரு வாய் காப்பி குடித்தாள். இடது பக்கம் புதுப்புள்ளி வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டதற்கு, "டாக்டரம்மா வரட்டும் மதினி. இனி நான் எதையும் தனியா வைக்க மாட்டேன்" என்றாள்.

பாதை திறந்ததும் டாக்டரம்மா வந்தார். தலையில்லாத மாட்டை நெடுநேரம் பார்த்தார். "நாங்களும் இப்படிப் பின்னால நின்னுதான் பாப்போம்க்கா. எனக்குத் தோணாமப் போச்சு பாருங்க" என்றார். முதலில் கடலை எண்ணெய் ஊற்றி நடக்கவிட வேண்டும், அடுத்து ஆளை அனுப்பித் தன்னைக் கூப்பிட வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால்தான் ஊசி என்று எல்லோரையும் மாட்டுக்குப் பின்னால் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஊசிக்குழாயைக் கொட்டகையில் பத்திரமாக வைத்தார்.

ஆடி மாதச் சாரலில் பேச்சியின் கிடேரி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்ப் பலாமரத்தடியில் நின்றுவிட்டது. பாதை திறந்து நான் ஜீப்பில் ஏறிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எண்ணெய்க்கு உப்பல் கேட்கவில்லை. அன்றைக்குப் பாதை மறுபடியும் சரிந்திருந்ததால் டாக்டரம்மாவும் வர முடியவில்லை. மாடு நாக்கைத் தள்ளிக் கீழே சாய்ந்தபோது பெரியகருப்பன்தான் ஊசியை எடுத்திருக்கிறார். இப்போது அது கொட்டகைக்குள் நின்று வைக்கோலை முகர்ந்துகொண்டிருந்தது. பேச்சி ஒரு பெரிய பலாப்பழத்தை ஜீப்பில் ஏற்றினாள்.

"அவகிட்ட குடுங்கண்ணே. இனி என் மாடு இதத் திங்காது, அவ தின்னட்டும்னு சொல்லுங்க."

சூர்யகலா அப்போது போடியில் ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்து மதிலில் ஏணி மேல் நின்று, கண் சிமிட்டுகிற யானை எழுதிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். மாடு பிழைத்ததா என்று அவள் கேட்கவில்லை.

"தலைவரு எங்கண்ணே நின்னாரு?"

"பின்னால நின்னாராம். இடது கைய நீட்டிப் பாத்துக்கிட்டுத்தான் குத்தினாராம்."

ஏணிக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டாள். கீழே நின்ற பிள்ளைகள், "அக்கா, யானைக்குச் சிரிப்பு போடுங்க" என்று கத்தின. அவள் சிரிப்பைப் போட்டாள், பெரிய சிரிப்பாகவே போட்டாள். இறங்கிப் பின்னால் தள்ளி வந்து பார்த்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி இறங்கினாள்.

"அண்ணே, தேவாரம் பக்கம் தோட்டத்துக்கெல்லாம் யானை வருதாமே. தூரத்துல நின்னு பாக்க முடியுமா?"

"எதுக்குத்தா?"

"இதுக்குக் கால் எங்க மடங்குதுன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே, கையில் பெயிண்டோடு யானையின் காலைத் தடவிக்கொண்டு நின்றாள்.